வெளிக்கோணத்தைப் பிடித்தால் போதும்

கேள்வி: ஒரு பலகோணத்தின் பக்கங்கள் எத்தனை கூடினாலும் வெளிக்கோணங்களின் கூடுதல் 360° தான் என்கிறார்களே, எப்படி?

இருபது ரூபாய் நாணயத்தைத் தாளில் வைத்து விளிம்பை ஒட்டிக் கோடு போடுங்கள். 12 பக்கம் கிடைக்கும். ஒரு பக்கத்தின் மேல் பென்சிலைப் படுக்க வைத்து, முனை வரை தள்ளி, அடுத்த பக்கத்தோடு ஒட்டும்வரை திருப்புங்கள். அந்தத் திருப்பம்தான் வெளிக்கோணம். தள்ளு, திருப்பு என்று 12 முனையும் முடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்தால், பென்சிலின் கூர் முதலில் பார்த்த திசையையே பார்க்கும். மொத்தத்தில் ஒரே ஒரு முழுச் சுற்று, 360°. சமபக்க முக்கோணத்தில் அதே சுற்றை மூன்றே திருப்பத்தில் முடிக்க வேண்டும், அதனால் ஒவ்வொன்றும் 120°. நாணயத்தில் 30° போதும். பக்கங்கள் சமமில்லாவிட்டாலும், எந்த முனையும் உள்ளே குழியாத பலகோணம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வகுப்பில் பிள்ளைகள் இதைக் கையால் செய்து பார்த்த பிறகுதான் நான் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுவேன்.

கேள்வி: உட்கோணம் 60° என்றால் வெளிக்கோணம் 300° தானே? என் மகள் அப்படி எழுதியதற்கு மதிப்பெண் இல்லை.

திருத்தியவர் செய்தது சரி. 300° என்பது முனையைச் சுற்றி வெளியே மிஞ்சும் பின்வளை கோணம். வெளிக்கோணம் வேண்டுமென்றால் ஒரு பக்கத்தை நேராக நீட்ட வேண்டும். நீட்டிய கோட்டுக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவில் இருப்பதுதான் அது. உட்கோணத்தோடு சேர்ந்தால் 180°. ஆக, விடை 120°. ‘வெளி’ என்ற சொல்தான் பிள்ளைகளைத் தடுமாற வைக்கிறது. நீட்டிய கோட்டைப் புள்ளிக்கோடாகப் போட்டுப் பழகச் சொல்லுங்கள்.

கேள்வி: ஓர் ஒழுங்குப் பலகோணத்தின் உட்கோணம் 156°. பக்கங்கள் எத்தனை?

ஒழுங்குப் பலகோணம் என்றால் பக்கங்களும் கோணங்களும் எல்லாம் சமம். 180°-இல் 156° போனால் வெளிக்கோணம் 24°. 360-ஐ 24-ஆல் வகுத்தால் 15. இரண்டே வரி. உட்கோணம் 130° என்று கேட்டால் 360-ஐ 50-ஆல் வகுக்கும்போது 7.2 வரும். அப்படி ஓர் ஒழுங்குப் பலகோணமே கிடையாது.

கேள்வி: வராண்டா முழுக்க ஐங்கோண டைல்ஸ் ஒட்டலாமா?

ஒழுங்கு ஐங்கோணத்தை மட்டும் வைத்து முடியாது. அதன் உட்கோணம் 108°. ஒரு புள்ளியில் மூன்று சேர்ந்தால் 324°, மீதி 36° சந்து விழும். நான்காவது நுழையாது. தனியாகவே தரையை நிரப்பும் ஒழுங்கு வடிவங்கள் முக்கோணம், சதுரம், அறுங்கோணம் மூன்றுதான். வித்தியாசமாக வேண்டுமென்றால் எண்கோணம் வாங்குங்கள். இரண்டு 135° சேர்ந்து 270° ஆகும், மிஞ்சும் 90°-இல் ஒரு சின்னச் சதுரம் கச்சிதமாக உட்காரும். சதுரத்தின் பக்கமும் எண்கோணத்தின் பக்கமும் ஒரே நீளமா என்று கடையிலேயே ஒட்டி வைத்துப் பார்த்துவிடுங்கள்.