காண்ட்ராக்டர் பாக்கி: ரெராவா, கோர்ட்டா?

பெங்களூரில் வீடு கட்டுகிற தமிழர்களும் கட்டிக் கொடுக்கிற தமிழர்களும் எனக்கு எழுதுகிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு ஆளைக் காணோம் என்று ஒரு தரப்பு, வேலையை முடித்துக் கொடுத்தும் பணம் வரவில்லை என்று மறு தரப்பு. கட்டட அளவைகளிலும் நடுவர் மன்றங்களிலும் காலம் கழித்தவன் என்பதால் இரண்டு பேரின் புலம்பலும் எனக்குப் பழக்கம்தான். இம்முறை வந்ததில் ஆறு.

கே: கே.ஆர்.புரத்தில் முப்பதுக்கு நாற்பது சைட்டில் தரைத்தளமும் மாடியும் லேபர் காண்ட்ராக்டில் கட்டிக் கொடுத்தேன். சம்ப்பைப் பெரிதாக்கியது, மாடிப்படிக்கு மேல் அறை போட்டது என்று எக்ஸ்ட்ரா வேலையோடு சேர்த்து 3.8 லட்சம் நிற்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, எல்லாம் வாட்ஸ்அப்தான். ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) புகார் கொடுக்கலாமா?

ப: ரெரா பக்கம் போய் நாளை வீணாக்காதீர்கள் மேஸ்திரி. 2016இல் வந்த அந்த ரியல் எஸ்டேட் சட்டம், விற்பதற்காகக் கட்டுகிற புரமோட்டர், வீடு வாங்குகிறவர், ஏஜென்ட் என்று மூன்று பேரை வைத்து எழுதப்பட்டது. தன் சைட்டில் தனக்கென்று வீடு கட்டிக்கொள்கிறவர் அந்தக் கணக்கில் புரமோட்டரே இல்லை.

உங்கள் இடம் சிவில் கோர்ட். எழுத்து இல்லை என்று பயப்பட வேண்டாம், வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். அதையும் அவர் மறுத்தால் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு இருக்கிறது. இனாமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல் நீங்கள் செய்த வேலையின் பலனை இன்னொருவர் அனுபவித்தால், அவர் அதற்கு ஈடு கொடுத்தாக வேண்டும். பெரிதாக்கிய சம்ப்பில்தானே தண்ணீர் பிடிக்கிறார்?

வாட்ஸ்அப் செய்திகள் செல்லும். 2023 சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் சேர்க்க வேண்டும், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். நீங்கள் செய்ய வேண்டியது, பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாமல் இருப்பது. பணம் தர நாள் குறிக்காத வேலைக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தக் கெடு தாண்டுவதற்குள் "இவ்வளவு பாக்கி" என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால், அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு ஓடும். "தீபாவளிக்குத் தருகிறேன்" என்று வாயால் சொன்னதற்கு அந்தப் பலன் கிடையாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் அளவு எடுத்து வையுங்கள். முடிந்தால் வீட்டுக்காரரை வைத்துக்கொண்டே அளந்து, தாளில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஒருமுறை கோர்ட் கமிஷனராக ஒரு வீட்டை அளக்கப் போனேன். வழக்கு அவ்வளவு காலம் இழுத்திருந்தது, நான் போய்ச் சேர்வதற்குள் வீடு கைமாறி மேலே இன்னும் இரண்டு மாடி ஏறியிருந்தது. எந்தச் சுவர் யார் கட்டியது என்று சுவரைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

கே: ராமமூர்த்தி நகரில் வீடு கட்ட 9 லட்சம் அட்வான்ஸ் வாங்கிய காண்ட்ராக்டர், அஸ்திவாரம் போட்டதோடு சரி. அவர் லைசென்ஸை ரத்து செய்ய யாரிடம் மனு கொடுப்பது?

ப: ரத்து செய்ய ஒன்று இருந்தால்தானே! எலக்ட்ரிக்கல் காண்ட்ராக்டருக்கு மின் ஆய்வாளர் துறை லைசென்ஸ் தருகிறது. அரசு வேலை எடுப்பவர்களைப் பொதுப்பணித் துறை வகுப்பு வாரியாகப் பதிவு செய்கிறது. தனியாருக்கு வீடு கட்டித் தருகிறவருக்கு கர்நாடகத்தில் அப்படி ஒரு லைசென்ஸ் கிடையாது. ஒரு போர்டும் விசிட்டிங் கார்டும் இருந்தால் அவர் காண்ட்ராக்டர்.

நீங்கள் போக வேண்டியது மாவட்ட நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவது சேவை என்று சட்டத்திலேயே இருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்டத்திலேயே முடியும். கெடு 2 ஆண்டு. அஸ்திவாரத்தின் மதிப்பை ஓர் எஞ்சினியரிடம் எழுதி வாங்கி, 9 லட்சத்தில் அதைக் கழித்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள். முழுத் தொகையையும் கேட்டு மனுவைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

கே: ஓய்வு பெற்ற வங்கி ஊழியன். கலிபோர்னியாவில் என் மகன் வீட்டைப் புதுப்பித்தபோது ஒரு பிரச்சினை வந்து, காண்ட்ராக்டர் லைசென்ஸ் வாரியத்தில் புகார் கொடுத்தான், வேலை நடந்தது. இங்கேயும் அப்படி ஒரு வாரியம் வைத்து, பணத் தகராறையும் அதனிடமே விட்டுவிட்டால் கோர்ட்டுக்கு அலைய வேண்டாம் இல்லையா?

ப: வாரியம் வேண்டும் என்பதில் உங்களோடு இருக்கிறேன். பணக் கணக்கை முழுதாக அதனிடம் விடுவதில் இல்லை.

லைசென்ஸ் என்பது ஒரு தரப்பின் கழுத்தில் மட்டும் கட்டிய கயிறு. இழுத்தால் காண்ட்ராக்டர் வருவார். முதல் கேள்வி கேட்ட மேஸ்திரியை நினைத்துப் பாருங்கள். அவருக்குப் பணம் தர வேண்டியவர் வீட்டுக்காரர், அவரிடம் ரத்து செய்ய என்ன இருக்கிறது? வாரியத்தால் மேஸ்திரிக்கு ஒரு ரூபாய்கூட வாங்கித் தர முடியாது. ஆக, பணத் தகராறு வாரியத்துக்குப் போனால் வீட்டுக்காரரின் புகாருக்கு மட்டும் வேகம் கிடைக்கும். காண்ட்ராக்டர் லைசென்ஸ் போய்விடுமே என்ற பயத்தில், நியாயமான பாக்கியையும் விட்டுக்கொடுத்து சமாதானம் ஆவார்.

உங்கள் மகன் ஊரிலேயே கவனித்தால் தெரியும். சின்னத் தகராறுகளுக்கு அந்த வாரியம் நடுவர் ஏற்பாடு செய்கிறது. ஆனால் கட்டுமானத் தகராறில் கோர்ட் தீர்ப்பு வந்த பிறகும் காண்ட்ராக்டர் பணம் கட்டாவிட்டால், லைசென்ஸை நிறுத்தி வைக்கும் அதிகாரம்தான் அதன் கூரான ஆயுதம். யார் யாருக்கு எவ்வளவு என்று எடை போடுவது கோர்ட், கட்ட வைப்பது வாரியம். இந்த வரிசை எனக்குச் சரியாகப் படுகிறது.

கோர்ட்டின் தாமதத்துக்கு என்ன பதில் என்பீர்கள். நியாயமான கேள்விதான். பிரிட்டன் 1996இல் ஒரு சட்டம் போட்டது. கட்டுமானத் தகராறு வந்தால் ஒரு தீர்ப்பாளர் 28 நாளில் முடிவு சொல்வார், முதலில் பணத்தைக் கொடு, சண்டையைப் பிறகு கோர்ட்டில் வைத்துக்கொள் என்பது ஏற்பாடு. சிங்கப்பூரும் 2004இல் இதே மாதிரி சட்டம் கொண்டுவந்தது. நம்மிடம் இல்லாதது இந்த நடுப்படி. ஆனால் தன் குடியிருப்புக்காக வீடு கட்டுகிற சாதாரண ஆளை பிரிட்டன் சட்டம் அதிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. அங்கேயும் வீட்டுக்காரர் செல்லப்பிள்ளைதான்!

கே: பீன்யாவில் அலுமினிய ஜன்னல் பட்டறை, உத்யம் என்ற சிறுதொழில் பதிவு உண்டு. ஒரு பில்டர் 11 லட்சம் பாக்கி வைத்து ஏழு மாதம் ஆகிறது. சிறுதொழில் பாக்கிப் புகாருக்கான மத்திய அரசு இணையதளத்தில் போடலாமா?

ப: போடலாம், ஆனால் உங்கள் பில்லைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். 2006 சிறுதொழில் சட்டப்படி 45 நாளைத் தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டியாக ஏறும். இந்தப் புகார்களை விசாரிக்கும் கவுன்சிலின் தீர்ப்பை எதிர்த்துப் போகிறவர் முதலில் 75 சதவீதம் கட்ட வேண்டும். பில்டர்களுக்குச் சட்டத்தின் இந்த வாசகம் மட்டும் நன்றாகத் தெரியும்.

சிக்கல் எங்கே என்றால், பொருளும் வேலையும் பிரிக்க முடியாமல் கலந்த ஒப்பந்தம் இந்தச் சட்டத்தில் வராது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எதிர்த்தரப்பு அதைத்தான் எடுத்து வீசும். ஜன்னல் சப்ளைக்குத் தனி பில், மாட்டுகிற கூலிக்குத் தனி பில் என்று இருந்தால் நீங்கள் பலமாக நிற்கலாம். இல்லையென்றால் வணிக நீதிமன்றம் இருக்கிறது. 2018 முதல் 3 லட்சம் ரூபாய்த் தகராறையே எடுக்கிறது. அவசர உத்தரவு எதுவும் கேட்கவில்லை என்றால் வழக்குக்கு முன் சமரசப் பேச்சுக்குப் போயே ஆக வேண்டும். அதை வெறும் சடங்காக நினைக்காதீர்கள்.

கே: எங்கள் ஒப்பந்தத்தில் தகராறு வந்தால் ஓனரின் மைத்துனர்தான் நடுவர் என்று இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். மாட்டிக்கொண்டேனா?

ப: இல்லை. நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்துக்குப் பிறகு, ஒரு தரப்பின் நெருங்கிய சொந்தக்காரர் நடுவராக உட்கார முடியாது. தகராறு வந்த பிறகு நீங்களே எழுத்தில் சம்மதித்தால்தான் அவர் வரலாம், அதனால் இனி எதிலும் யோசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பொதுவான ஒருவரில் ஒத்துப்போகாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் கேட்டு நியமிக்கலாம். ஆனால் நடுவர் கட்டணம் சின்னத் தொகையைத் தின்றுவிடும். உங்கள் பாக்கி 2 லட்சம் என்றால் மைத்துனரோடு ஒரு காபி குடித்துப் பேசிப் பார்ப்பதே லாபம்.

கே: வேலை முடிந்தது, செட்டில்மென்ட் ஆகவில்லை. பணம் வரும் வரை வீட்டுச் சாவியைக் கொடுக்காமல் இருக்கலாமா? ஸ்டேஷனில் புகார் கொடுத்து மிரட்டலாம் என்றும் ஒரு நண்பர் சொல்கிறார்.

ப: இரண்டும் வேண்டாம். ரிப்பேருக்கு வந்த மிக்ஸியை, கூலி தரும் வரை கடைக்காரர் வைத்துக்கொள்ள ஒப்பந்தச் சட்டம் விடுகிறது. அடுத்தவர் நிலத்தில் கட்டிய வீட்டுக்கு அந்த உரிமை இல்லை. சாவியைப் பிடித்து வைத்தால் புகார் உங்கள் மேல் திரும்பும். சிவில் பாக்கியைக் கிரிமினல் ஆக்குவதை உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பக் கண்டித்திருக்கிறது. அவர் கொடுத்த செக் ஏதாவது திரும்பி வந்திருந்தால் மட்டும் கதை வேறு. செக் திரும்பியதாக பேங்க் சொன்ன நாளிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பி, அவருக்கு 15 நாள் விட்டு, அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். சாவியைக் கொடுக்கும்போது, தேதியோடு பாக்கித் தொகையையும் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சாவிக்காகக் காத்திருக்கும் அந்த நிமிடத்தில் பெரும்பாலும் போட்டுவிடுவார்கள்.