அப்பாவுக்கு யூடியூப் போதுமா?

கேள்வி: ஆசிரியர் ஐயா, என் அப்பா முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் எங்களோடு இருக்கிறார். வானொலியில் பழைய பாட்டையே காணோம், போட்டாலும் எல்லாரும் தூங்குகிற நேரத்தில் போடுகிறார்கள் என்று தினமும் குறைப்பட்டுக்கொள்கிறார். எல்லாமே யூடியூப்பில் இருக்கிறது. நல்ல கைப்பேசியும் வாங்கிக் கொடுத்துவிட்டேன். வானொலி காலத்தோடு போகத்தானே வேண்டும்? இதற்கு ஏன் இத்தனை புலம்பல்?
– ஒரு வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: தம்பி, கைப்பேசி வாங்கிக் கொடுத்த மனசு நல்ல மனசு. ஆனால் அதில் அப்பா ஒரு பாட்டைத் தேடி எடுப்பதை நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? படத்தின் பெயரை எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டும். உளி பிடித்துக் காய்த்துப்போன விரலுக்கு அந்தக் கண்ணாடி சரியாக இணங்காது. அதையெல்லாம் தாண்டினாலும், தேடுவதற்கு முதலில் பாட்டு ஞாபகம் இருக்க வேண்டும். நாற்பது வருடமாக மறந்துபோயிருந்த பாட்டை எந்தப் பெயர் சொல்லித் தேடுவார்? அதைக் கொண்டுவந்து காதில் போட்டது வானொலிதான். உங்கள் அப்பா இழந்திருப்பது அதைத்தான்.

என் அம்மாவும் பால்மரம் சீவியவர். எழுதப் படிக்கத் தெரியாது. இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், தன் நிரையில் உள்ள மரங்களைச் சீவி முடித்து, ஸ்டோரில் பாலை எடை போட்டுவிட்டு வீடு திரும்பி, கையில் காய்ந்த பாலை உரித்துக்கொண்டே வானொலி கேட்பார். அன்றைக்கு அறிவிப்பாளர்கள் படத்தின் பெயர், பாடியவர், இயற்றியவர், இசையமைத்தவர் என்று நான்கையும் சொன்ன பிறகுதான் பாட்டை விடுவார்கள். அதைக் கேட்டுக் கேட்டே, இது கண்ணதாசன் எழுதியது, இது பட்டுக்கோட்டையார், இது மருதகாசி என்று அம்மா பிரித்துச் சொல்வார். பி.பி. ஸ்ரீனிவாஸ் குரலையும் ஏ.எம். ராஜா குரலையும் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஒரு பெண்ணுக்கு அந்தப் பெட்டி தமிழ் வாத்தியாராக இருந்தது. இன்றைக்குப் பாட்டு முடியும் முன்பே பேச்சு வந்து மூடிக்கொள்கிறது. எழுதியவர் பெயர் சொல்லி நான் கேட்டு வெகுகாலம் ஆகிறது.

காலத்தோடு போக வேண்டும் என்கிறீர்கள். அதன் கணக்கையும் பார்த்துவிடுவோம். தனியார் வானொலி விளம்பரத்தில் பிழைக்கிறது. விளம்பரம் தருகிறவர், கார் வாங்கப் போகிறவரும் கைக்குழந்தைக்குப் பால்மாவு வாங்குகிறவரும் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்றுதான் விசாரிப்பார். எழுபது வயதுக்காரர் நாள் முழுக்கக் கேட்டாலும் அந்தக் கணக்கில் வரமாட்டார். பாட்டின் சில வினாடிகளை மட்டும் ஒலிக்கவிட்டு நேயர்களிடம் மதிப்பெண் வாங்கி, தேறிய சில நூறு பாட்டுகளையே திரும்பத் திரும்பப் போடுவது பல நாட்டு வணிக வானொலிகளின் வழக்கம். நின்று நிதானமாக மனசில் இறங்குகிற பாட்டு சில வினாடிச் சோதனையில் எப்படித் தேறும்?

‘பழைய பாட்டு’ என்ற பெயரும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. இப்போது அப்படிச் சொன்னால் பெரும்பாலும் எண்பதுகளின் இளையராஜா பாடல்கள். எனக்கும் அவை உயிர். ஆனால் அவர் இசையமைத்த முதல் படம் வந்தது 1976இல். தமிழ்ப் படம் பேசத் தொடங்கியது 1931இல். இடையிலிருக்கும் 45 வருடத்துப் பாட்டு எங்கே? பாகவதரும் டி.ஆர். மகாலிங்கமும் சீர்காழியும் அந்த 45 வருடத்துக்குள்தான் இருக்கிறார்கள். மலாய்க்காரர்களுக்கு நம் அரசு ஒலிபரப்பான ஆர்டிஎம்மிலேயே ‘கிளாசிக்’ என்ற பெயரில் ஓர் அலைவரிசை உண்டு. 1973இல் மறைந்த மலாய்ப் பாடகர், நடிகர் பி. ரம்லியின் குரலை அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அறிவார்கள். அதைக் கண்டு எனக்குப் பொறாமை இல்லை, ஏக்கம் உண்டு.

யூடியூப்பில் எல்லாம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சினிமாப் பாட்டைக் காப்பாற்ற சென்னையில் கம்பெனிகள் இருக்கின்றன. நம் நாட்டுப் பாடகர்கள், நம் கவிஞர்கள் எழுதி, நம் இசைக்கலைஞர்கள் வாசித்து, ஆர்டிஎம்மின் தலைமையகமான அங்காசாபுரியில் பதிவான மெல்லிசைப் பாடல்களுக்கு யார் இருக்கிறார்கள்? அவை எந்தப் படத்திலும் வந்தவை அல்ல. வானொலிக்காகவே பிறந்தவை. இன்றைய மின்னல் எஃப்எம்மை ‘வானொலி ஆறு’ என்று நம் பெரியவர்கள் சொல்லிப் பழகிய காலத்தில், சினிமாப் பாட்டுக்கு நடுவே அவையும் வரும். பாடியவர் ஈப்போக்காரராக இருப்பார், பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளையாகவும் இருப்பார். அப்படி ஒரு பாட்டு ஒலிக்காமல் போனால் அதைக் கேட்க வேறு வாசல் கிடையாது. பாடியவரின் பேரப்பிள்ளைக்கே தாத்தாவின் குரல் தெரியாது. சினிமாப் பாட்டு குறைந்தது எனக்கு வருத்தம். இது எனக்குக் கோபம்.

இனி உங்களிடமும் அப்பாவிடமும் நேராகவே கேட்கிறேன். குறை சொன்னீர்கள், நிலையத்துக்கு ஒரு வரி எழுதினீர்களா? ஒரு காலத்தில் நேயர் விருப்பத்துக்குத் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து அஞ்சல் அட்டை போகும். பெயர் வாசிப்பார்களா என்று வீடே காத்திருக்கும். தோட்டம் துண்டாடப்பட்டு, கித்தா என்ற ரப்பர் போய் செம்பனை வந்து, சனம் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறியபோது அந்த அட்டையும் நின்றுவிட்டது. நியூயார்க்கில் 1972 முதல் பழைய பாட்டுப் போட்டுவந்த டபிள்யூசிபிஎஸ் எஃப்எம், 2005 ஜூன் 3ஆம் தேதி அதை ஒரே நாளில் நிறுத்தியது. நேயர்கள் சும்மா இருக்கவில்லை. 2007 ஜூலை 12ஆம் தேதி நிலையம் பழைய பாட்டுக்கே திரும்பியது. திரும்பியபோது ஐம்பதுகளின் பாட்டு அருகிப்போயிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருட இடைவெளிக்கே அந்த விலை. நாம் எத்தனை வருடமாக வாய் திறக்காமல் இருக்கிறோம்?

அதுவும் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு. மஇகா தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் அது. தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது, 1960இல் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் சீவியவர்கள் சிறுகச் சிறுகக் கொடுத்த பணத்தில்தான் அந்தச் சங்கம் தோட்டம் வாங்கியது. தோட்டத்தையே வாங்கிய சனத்துக்கு, தினம் ஒரு மணி நேரப் பாட்டைக் கேட்டு வாங்க முடியாதா?

இன்று சாயங்காலம் அப்பா பக்கத்தில் உட்காருங்கள். எந்தப் பாட்டு வேண்டும் என்று கேளுங்கள். அவர் குரலிலேயே, ஊர்ப் பெயரோடு, எழுதியவர் பெயரும் சேர்த்து வாட்ஸ்அப்பில் பதிவு செய்து நிலையத்துக்கு அனுப்புங்கள். மறுவாரமும் அனுப்புங்கள். உள்ளூர்ப் பாடகர் யாராவது அவர் நினைவில் இருந்தால் அந்தப் பெயரை எனக்கும் எழுதுங்கள். அடுத்த இதழில் இதே பக்கத்தில் போடுகிறேன்.