ஜெர்மனியில் மூணாவது வாரம்: திரும்ப வேண்டாம் தம்பி

ஒரு செமஸ்டர் பரிமாற்றத்துக்கு ஜெர்மனி வந்து மூணு வாரமா சோறே இறங்கல, அம்மா ராத்திரி போன்ல அழறாங்க, திருவாரூருக்கே திரும்பிடலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம் தம்பி. நானும் கும்பகோணத்துலேருந்து இப்படி ஒரு அக்டோபர்லதான் போனேன்.

முகவரி இன்னும் பதியலன்னு எழுதியிருக்கீங்களே, அதுதான் எனக்குக் கவலை. குடியேறின இரண்டு வாரத்துக்குள்ள பதியணும், அன்மெல்டுங்னு சொல்வாங்க. நீங்க அங்க குடியிருக்கீங்கன்னு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாளை வாங்கிக்கிட்டு, நகராட்சி அலுவலகத்துல இன்னிக்கே நேரம் பதிவு பண்ணுங்க.

சாப்பாட்டுக்கு வர்றேன். ஞாயித்துக்கிழமை கடை எல்லாம் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிடுங்க. ஜாஸ்மின் அரிசியைத் தண்ணி கூட வச்சுக் குழைய வடிங்க. 3.5 சதவீதக் கொழுப்புன்னு போட்ட, இனிப்பு சேர்க்காத யோகர்ட்டை ஊத்திப் பிசைஞ்சு, கடுகு தாளிச்சுக் கொட்டுங்க. முதல் தடவை அப்படிச் சாப்பிட்டப்போ கைவிரல்ல ஒட்டின சோத்தைக்கூட விடல நான். மோர்மிளகாய் வறுக்கிறப்போ மட்டும் ஜன்னலைத் திறந்து வைங்க, புகை அலாரம் கத்தும். ஊர்லேருந்து பருப்புப் பொடி, வடகம் வரட்டும். நெய், பால்கோவா வேண்டாம், பால் பொருளை உள்ள விடமாட்டாங்க.

அம்மாவுக்கு ராத்திரி பேசாதீங்க. அக்டோபர் கடைசி ஞாயிறுக்கு அப்புறம் நம்ம ஊர் நாலரை மணி நேரம் முன்னாடி. உங்களுக்குக் காலை 8, அங்க பகல் 12.30. அம்மா சமையல் முடிச்சு உக்காந்திருப்பாங்க. உங்க தட்டுல இருக்கிற தயிர் சோத்தை வீடியோல காட்டுங்க.