வீடியோவில் வாங்கிய எம்.சி. செல்லுமா?

கேள்வி: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் 19 ஆண்டுகளாக உரம் போடும் வேலை செய்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கண்டு எழுந்து நிற்க முடியவில்லை. தோட்ட நிர்வாகம் நியமித்த பேனல் கிளினிக் 18 கிலோமீட்டர் தள்ளிப் பட்டணத்தில் இருக்கிறது. ஞாயிறு இரவில் திறப்பதில்லை. மகன் கைப்பேசிச் செயலியில் ஒரு டாக்டரை வீடியோவில் பிடித்தான். அவர் பேசிப் பார்த்து, மருந்து எழுதி, திங்கள், செவ்வாய் இரண்டு நாளுக்கு எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கொடுத்தார். காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) முன்பே அதை மேற்பார்க்கும் மண்டோருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். ஆனால் தோட்டத்து அலுவலக எழுத்தரான கிராணி, “தொலைமருத்துவச் சட்டமே நாட்டில் அமலில் இல்லை, இந்த எம்.சி. செல்லாது” என்று சொல்லி இரண்டு நாள் சம்பளத்தை வெட்டிவிட்டார். மறுநாள் மகன் வாங்கி வந்த மாத்திரையால் கை முழுக்கத் தடிப்பும் வந்தது. தொட்டுப் பார்க்காமல் மருந்து கொடுத்த டாக்டர்மீது வழக்குப் போடலாமா?

பதில்: அம்மா, கிராணி சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு உங்கள் சம்பளத்தில் கைவைத்ததுதான் தவறு.

மல்டிமீடியா சூப்பர் கொரிடோர் என்ற அரசாங்கத் தகவல் தொழில்நுட்பத் திட்டத்தின் கனவு உச்சத்தில் இருந்த காலத்தில், கணினிக் குற்றச் சட்டம், மின்னியல் கையொப்பச் சட்டம் ஆகியவற்றோடு சேர்த்து மலேசிய நாடாளுமன்றம் நிறைவேற்றியது 1997 தொலைமருத்துவச் சட்டம். கூடப் பிறந்த மற்ற இரண்டும் அமலுக்கு வந்துவிட்டன. இதற்கு மட்டும் அமல் தேதி அறிவிக்கப்படவே இல்லை. பெயர் சூட்டிய பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவராத கதை. ஒலி, காட்சி, தரவுத் தொடர்பு வழியாக மருத்துவம் செய்வதே தொலைமருத்துவம் என்று அந்தச் சட்டம் விளக்கம் தருகிறது. நோயாளியின் எழுத்துவழிச் சம்மதம் வேண்டும் என்கிறது. தகுதியில்லாமல் அப்படி மருத்துவம் செய்பவருக்கு 5 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை என்றும் மிரட்டுகிறது. எல்லாம் காகிதத்தில்.

அப்படியானால் வீடியோவில் வைத்தியம் பார்ப்பது சட்டவிரோதமா? இல்லை. அமலுக்கு வராத சட்டம் எதையும் அனுமதிப்பதும் இல்லை, தடுப்பதும் இல்லை. டாக்டரைக் கட்டுப்படுத்துவது 1971 மருத்துவச் சட்டம். அதன்படி மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிந்து, அந்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழ் வைத்திருப்பவர் டாக்டர். திரைக்கு முன்னால் உட்கார்ந்ததால் அவர் பதிவு அழிந்துவிடாது. ஆகவே முதல் வேலையாக, எம்.சி.யில் இருக்கும் பெயரை மன்றத்தின் இணையப் பதிவேட்டில் மகனைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். பெயர் அங்கே இல்லையென்றால் மேற்கொண்டு நான் சொல்வது எதுவும் உதவாது.

சம்பளத்துக்கு வருவோம். இங்கே ஆளுவது 1955 வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவு. 5 ஆண்டுக்கு மேல் வேலை செய்த உங்களுக்கு ஆண்டுக்கு 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆனால் முதலாளி நியமித்த டாக்டர்தான் பரிசோதித்துச் சான்று தர வேண்டும். நிர்வாகம் நியாயமாக வாதாடினால் இந்த இடத்தில்தான் வாதாடியிருக்கும். கிராணி தெரியாமல் வேறு கதவைத் தட்டிவிட்டார். அதே பிரிவு ஒரு விலக்கும் தருகிறது: நோயின் தன்மையையும் சூழ்நிலையையும் பார்க்கும்போது, நியாயமான நேரத்திலோ தூரத்திலோ அந்த டாக்டர் கிடைக்கவில்லை என்றால், பதிவு பெற்ற வேறு எந்த டாக்டரிடமும் சான்று வாங்கலாம். ஞாயிறு இரவு, மூடிய கிளினிக், 18 கிலோமீட்டர், நிற்க முடியாத வயிற்றுப்போக்கு. உங்கள் வழக்கு இந்த விலக்கின்மேல் நிற்கிறது.

“பட்டணத்து அரசாங்க மருத்துவமனை இரவிலும் திறந்திருக்கிறதே” என்பார்கள். சட்டம் கேட்பது பேனல் டாக்டர் கிடைத்தாரா என்பதைத்தான். அவர் கிடைக்காதபோது, பதிவு பெற்ற யாரிடம் போவது என்பது உங்கள் விருப்பம். சங்கடமான கேள்வி வேறொன்று இருக்கிறது: திங்கள் காலை மருந்து வாங்க மகன் பட்டணத்துக்குப் போனானே, உங்களையும் கிளினிக்குக்கு ஏற்றிப் போயிருக்கக் கூடாதா? வயிறு அந்த நிலையில் இருந்தவரை மோட்டார் சைக்கிளின் பின்னால் தோட்டத்துச் செம்மண் சாலையில் உட்கார வைப்பதா என்று நான் திருப்பிக் கேட்பேன். என் தந்தையும் பெரட்டில் நின்றவர். அந்தச் சாலைகள் எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டாம் நாளைப் பற்றி, புகாரை விசாரிக்கும் தொழிலாளர் இலாகா அதிகாரி வேறு விதமாக நினைக்கலாம் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

வீடியோவில் பார்ப்பது ‘பரிசோதனை’ ஆகுமா என்பதையும் கிளப்புவார்கள். அந்தச் சொல்லுக்கு வேலைச் சட்டம் விளக்கம் தரவில்லை. முதுகுவலிக்கு வீடியோவில் எம்.சி. வாங்கியிருந்தால் நானே தயங்கியிருப்பேன். வயிற்றுப்போக்குக்கு டாக்டர் கேட்கும் கேள்விகளே பெரும்பகுதிப் பரிசோதனை என்பது என் கருத்து.

நீங்கள் தெரியாமலே செய்த ஒரு நல்ல காரியம் அந்த வாட்ஸ்அப். விடுப்பு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்காவிட்டால், உண்மையான எம்.சி. கையில் இருந்தாலும் அது சொல்லாமல் வேலைக்கு வராததாகவே கருதப்படும். மண்டோரின் எண்ணுக்குச் செய்தி போன நேரம், அதன் பக்கத்தில் விழுந்த இரண்டு நீலக் கோடுகள் எல்லாம் தெரியும்படி படம் எடுத்து அச்சடித்து வையுங்கள். எம்.சி.யில் ஞாயிறு இரவு நேரம் பதிவாகியிருந்தால் அதுவே உங்கள் முதல் சாட்சி. முதலில் நிர்வாகத்துக்கு எழுத்தில் கேளுங்கள். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினர் என்றால் கிளைச் செயலாளரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். மசியாவிட்டால் வட்டாரத் தொழிலாளர் இலாகாவில் 69ஆம் பிரிவின் கீழ் புகார் கொடுக்கலாம். அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. என் தொழிலுக்கு நட்டம்தான்.

தடிப்பு விஷயத்தில் உங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை தர முடியாது. நோயைக் கணித்ததும் மருந்து கொடுத்ததும் சரியா என்பதை அதே துறையின் பொறுப்புள்ள மற்ற டாக்டர்களின் நடைமுறையை வைத்தும், ஆபத்தை எடுத்துச் சொன்னாரா என்பதை நோயாளி அறிய வேண்டியதை வைத்தும் பார்க்க வேண்டும் என்று நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2017-இல் தெளிவாக்கியது. திரை வழியாகப் பார்த்தாலும் அளவுகோல் இதுதான். தொடாமல் மருந்து கொடுத்தார் என்பது மட்டும் கவனக்குறைவு ஆகிவிடாது. நேரில் போகச் சொல்லியிருக்க வேண்டிய அறிகுறி இருந்தும் சொல்லாமல் விட்டாரா, ஒவ்வாமை உண்டா என்று கேட்டாரா? இதில்தான் பயப்படுகிறேன். இத்தகைய செயலிகளில் முதலில் ஒரு படிவம் வரும். ‘மருந்து ஒவ்வாமை இல்லை’ என்று ஒரு கட்டம் இருக்கும். அவசரத்தில் மகன் எல்லாக் கட்டத்திலும் விரலை வைத்திருந்தால், டாக்டரின் வழக்கறிஞர் முதலில் நீட்டும் காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.

மகனைத் திட்ட வேண்டாம். உங்கள் மருத்துவப் பதிவின் நகலை அந்தச் செயலி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அது உங்கள் உரிமை; பொதுவாக 21 நாளுக்குள் தர வேண்டும். அதைப் பார்த்த பிறகு மருத்துவ மன்றத்துக்குப் புகார் எழுதுவதா என்று பேசுவோம். தடிப்பு இரண்டொரு நாளில் மறைந்துவிட்டதென்றால், வழக்கில் கிடைக்கும் இழப்பீடு நீங்கள் ஈப்போவுக்கு அலையும் செலவைக்கூடத் தாங்காது. வழக்குப் போட 6 ஆண்டு அவகாசம் இருக்கிறது, அவசரம் இல்லை. மாத்திரை அட்டையில் மிச்சம் இருந்தால் மட்டும் தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள்.