புளி போட்டுடாதீங்க, தாயி!

கேள்வி: எங்கள் பட்டாசலில் தாத்தா கொழும்பில் ஏலத்தில் எடுத்த சரவிளக்கு தொங்குகிறது. பிரான்ஸ் சரக்கு என்பார்கள். வெண்கலம் கறுத்துவிட்டது. மகன் கல்யாணத்துக்கு முன் புளி போட்டு விளக்கலாமா? அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: புளி மட்டும் வேண்டாம், தாயி. குத்துவிளக்கு முழுக்கப் பித்தளை, எத்தனை தேய்த்தாலும் அதே நிறம்தான் வரும். உங்கள் விளக்கு அசல் பிரான்ஸ் சரக்கானால், வெண்கலத்தின் மேல் பூசிய தங்கம் மேலோட்டமாகத்தான் இருக்கும். முப்பது வருஷம் முன்பு காயல்பட்டினத்தில் ஒரு வீட்டு விளக்கின் கையைப் புளியும் செங்கல் பொடியும் வைத்து நானே தேய்த்தேன். பளபளவென்று வந்தது, ஆனால் வந்தது வெண்கலம். இலை முனைகளில் தங்கம் போயிருந்தது. வீட்டுப் பெரியவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கை இன்றும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அந்தத் தங்கம் லேசில் ஏறியதல்ல. தங்கத்தைப் பாதரசத்தோடு குழைத்து, வெண்கலத்தில் பூசி, நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிப் போகும், தங்கம் பிடித்துக்கொள்ளும். அந்த ஆவியைச் சுவாசித்த பட்டறை ஆட்களுக்குக் கை நடுங்கும், ஆயுசும் குறையும். மின்சாரத்தால் தங்கம் ஏற்றும் மின்முலாம் பரவியது 1840களுக்குப் பிறகுதான்.

ஏணி போட்டு ஒரு கையின் பின்புறம் பாருங்கள். முகப்பில் தங்கம், பின்னால் வெறும் வெண்கலம், ஓரத்தில் தங்கம் வழிந்த தடம் என்றிருந்தால் அநேகமாக நெருப்பு முலாம். மூலைமுடுக்கெல்லாம் ஒரே சீராக இருந்தால் மின்முலாம். சில இடம் மினுங்கி, சில இடம் மங்கினால் அழுக்கென்று நினைக்காதீர்கள். மினுங்கும் இடம் கல்லால் மெருகேற்றியது, மற்றதை வேண்டுமென்றே மங்கலாக விட்டிருப்பார்கள். அந்த வேலைப்பாட்டுக்கு நான் உயிரையே விடுவேன்!

ஆங்கிலேயர் விளக்கின் கைகளையே கண்ணாடியில் செய்வது வழக்கம். இலையும் கொடியுமாக வார்த்த வெண்கலத்தில் படிகக் கண்ணாடி தொங்கவிட்டது பிரெஞ்சுப் பாணி. ஈயம் கலந்த படிகம் கையில் கனக்கும், பட்டை ஓரம் கூர்மையாக இருக்கும். அச்சில் வார்த்த கண்ணாடிக்கு ஓரம் மழுங்கியிருக்கும். 1764-ல் தொடங்கிய பிரெஞ்சுக் கண்ணாடி நிறுவனம் பக்காராவின் பெயரைச் சொல்லி யாராவது விலை பேசினால், பெயருக்காகப் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள்.

சுத்தம் செய்ய: மெயினை அணைத்து, போட்டோ எடுத்து, தொங்கல்களை நூலில் நம்பர் கட்டிக் கழற்றுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு போதும். வெண்கலத்தைப் பழைய வேட்டித் துணியை நனைத்து இறுகப் பிழிந்து ஒற்றி, உடனே காய்ந்த துணியால் துடையுங்கள். அமோனியா கலந்த கண்ணாடி ஸ்பிரே பக்கமே போகாதீர்கள், அது தாமிரத்தை அரிக்கும். பழைய துணி சுற்றிய ஒயர் இருந்தால் எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றுங்கள். உத்தரத்துக் கொக்கியையும் தச்சரிடம் ஒருதரம் காட்டிவிடுங்கள், கல்யாண வீட்டில் கீழே பிள்ளைகள் ஓடியாடும்.