வாசகர் கேள்வி – பதில்: பிள்ளையின் ஹொக்கிக் கட்டணத்துக்கு உதவி கேட்பது எப்படி?

கேள்வி: எங்கள் மகனுக்கு எட்டு வயது. சென்ற குளிர்காலத்தில் நகரசபையின் சறுக்கல் வகுப்புக்குப் போனவன், இப்போது ஐஸ் ஹொக்கி விளையாடியே தீருவேன் என்று நிற்கிறான். கணவர் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறார். ஏப்ரலிலிருந்து அவருக்கு மணித்தியாலங்களைக் குறைத்துவிட்டார்கள். பதிவுக் கட்டணமும் உடுப்புச் செலவும் எங்களால் இயலாது. உதவி நிதிகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். விண்ணப்பித்தால் அணியில் பிள்ளையை வேறு கண்ணால் பார்ப்பார்களோ என்றும், ஊரிலிருக்கும் என் அம்மா அப்பாவைப் பின்னர் ஸ்பொன்சர் செய்து கனடாவுக்கு அழைப்பதற்கு இடைஞ்சல் வருமோ என்றும் பயமாக இருக்கிறது. எங்கே தொடங்குவது?
— ஒரு தாய், ஸ்காபரோ

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் பயம் இரண்டையும் முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் படிவம் நிரப்பத் தெரியாமல் நின்றவர்களைவிட இந்தப் பயங்களால் நின்றுவிட்ட பெற்றோரையே நான் அதிகம் கண்டிருக்கிறேன். பெற்றோரை ஸ்பொன்சர் செய்பவர் பெறக்கூடாது என்று குடிவரவுச் சட்டம் சொல்வது, மாகாண அரசின் சமூக உதவித் திட்டத்தில் வரும் பணத்தை. ஒன்ராறியோவில் அது ‘ஒன்ராறியோ வேர்க்ஸ்’ போன்றது. பிள்ளையின் விளையாட்டுக்காக ஓர் அறக்கட்டளை செலுத்தும் கட்டணம் அந்த வகைக்குள் வருவதில்லை.

மற்றது, பிள்ளையை எப்படிப் பார்ப்பார்கள் என்பது. நான் ஒரு சிறுவர் ஹொக்கிச் சங்கத்தில் எட்டு ஆண்டுகள் பதிவுப் பொறுப்பாளராக இருந்தவன். எங்கள் சங்கத்தில் உதவி விண்ணப்பங்கள் என்னையும் பொருளாளரையும் தாண்டிப் போனதில்லை. பயிற்றுநரின் கையில் இருக்கும் பட்டியலில் பெயரும் பிறந்த திகதியும் மட்டுமே இருக்கும். கட்டணத்தை யார் கட்டினார் என்று அதில் ஒரு பத்தியும் கிடையாது. உங்கள் சங்கத்திலும் அப்படித்தானா என்பதை நீங்கள் தயங்காமல் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை.

இனித் தொடங்கும் இடம். பலர் முதலில் பணத்தைக் கடனட்டையில் கட்டிவிட்டு, பிறகு பற்றுச்சீட்டோடு உதவி தேடி வருகிறார்கள். இந்த நிதிகள் பெரும்பாலும் பணத்தைப் பெற்றோரிடம் கொடுப்பதில்லை. நேரே சங்கத்துக்கு அனுப்புகின்றன. ஆகவே கட்டிமுடித்த பணம் திரும்பி வராது. அதனால் முதல் வேலையாக, உங்கள் பகுதிச் சங்கத்தின் பதிவுப் பொறுப்பாளருக்கு இந்த வாரமே ஒரு சிறு மின்னஞ்சல் எழுதுங்கள். சங்கத்துக்குச் சொந்தமாக உதவி நிதி உண்டா, கட்டணத்தை மாதத் தவணையாகக் கட்டலாமா, நிதியின் முடிவு வரும்வரை இடத்தை ஒதுக்கி வைப்பார்களா, பெற்றோர் தொண்டு வேலை செய்யாவிட்டால் மாற்றுவதற்கென முன்கூட்டியே வாங்கி வைக்கும் காசோலையிலிருந்து விலக்கு உண்டா என்று அந்த ஒரே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். கோடை பிறக்கும் முன்பே பல வயதுப் பிரிவுகள் நிரம்பிவிடும் என்பதால், இடத்தை ஒதுக்கும் கேள்விக்கு மறுமொழி வராவிட்டால் தொலைபேசியில் பேசுங்கள்.

அதற்கடுத்து வெளி நிதிகள். கனேடியன் ரயர் கடை நிறுவனத்தின் ‘ஜம்ப்ஸ்டார்ட்’ அறக்கட்டளை 2005இலிருந்து நடக்கிறது. 4 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு உதவுகிறது. ‘கிட்ஸ்போர்ட்’ என்பது 1993இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் தோன்றி, இன்று ஊர்க் கிளைகளாக நாடெங்கும் இயங்குவது. 18 வயதுக்கு உட்பட்டோரின் பதிவுக் கட்டணமே அதன் குறி. ஹொக்கி கனடா அறக்கட்டளையின் ‘அசிஸ்ற் ஃபண்ட்’ 2020இல் தொடங்கியபோது ஒரு பிள்ளைக்கு 500 டொலர் வரை பதிவுக் கட்டணம் செலுத்தியது. இவற்றின் தொகையும் இறுதித் திகதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், அந்தந்த இணையதளத்தில் நடப்பு ஆண்டின் விதியை வாசித்த பிறகே விண்ணப்பியுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட நிதிக்கு விண்ணப்பித்தால் அதை ஒவ்வொன்றிலும் மறைக்காமல் எழுதுங்கள். கட்டணத்தை இருவர் பங்கிட்டுத் தீர்ப்பது வழக்கமான காரியம்தான். ரொறன்ரோ நகரசபையின் ‘வெல்கம் பொலிசி’ என்ற கட்டண உதவி நகரசபையே நடத்தும் வகுப்புகளுக்கு மட்டும் உரியது, சங்கக் கட்டணத்துக்கு அது உதவாது. ஆனாலும் மகனின் சறுக்கலைத் திருத்துவதற்கு அதைப் பயன்படுத்தலாம்.

உங்கள் நிலையில் கவனமாகப் பார்க்க வேண்டிய ஒன்று வருமானச் சான்று. பெரும்பாலும் கேட்பது வருமான வரி அலுவலகம் அனுப்பும் ‘நோட்டிஸ் ஒவ் அசெஸ்மென்ற்’. அதில் 23600 என்ற வரியில் இருக்கும் நிகர வருமானத்தைத்தான் பார்ப்பார்கள். அது சென்ற ஆண்டின் கணக்கு. ஏப்ரலில் குறைந்த சம்பளம் அதில் தெரியாது. அதை மட்டும் அனுப்பினால், கணவர் முழுநேரம் உழைத்த ஆண்டை வைத்து உங்களை மறுத்துவிட இடமுண்டு. எனவே ஏப்ரலுக்கு முன் வந்த ஒரு சம்பளத் துண்டையும், பின் வந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து அனுப்பி, ஒரு சிறு விளக்கக் கடிதமும் இணையுங்கள். கனடாப் பிள்ளைகள் நலக் கொடுப்பனவு அறிவித்தலும் இருந்தால் நல்லது. நாட்டுக்குப் புதிதாக வந்து வரிப் பத்திரமே இல்லாதவர்களுக்கு, பாடசாலை அதிபர் அல்லது குடியேற்ற உதவி நிறுவனத்தின் பணியாளர் எழுதும் கடிதத்தைச் சில நிதிகள் ஏற்றுக்கொள்கின்றன.

கடிதம் அரைப் பக்கம் போதும். ஒரு தகப்பன் எனக்கு நான்கு பக்கம் எழுதியிருந்தார். இடம்பெயர்ந்த கதை, தகப்பனாரின் நோய், வீட்டுக் கடன் எல்லாம் இருந்தன. வாசித்து மனம் கனத்துப்போனது. ஆனால் மகன் எந்த வயதுப் பிரிவு, கட்டணம் எவ்வளவு, தம்மால் எவ்வளவு கட்ட முடியும் என்ற மூன்றும் அதில் இல்லை. அன்றிரவே அவரை அழைத்து இருவருமாகத் திருத்தி எழுதினோம். “என் மகன் யு9 (ஒன்பது வயதுக்கு உட்பட்டோர்) பிரிவில் பதிவாகிறான், ஏப்ரல் முதல் என் வேலை நேரம் குறைக்கப்பட்டுள்ளது, எங்களால் 150 டொலர் கட்ட முடியும், மீதிக்கு உதவி கோருகிறோம்” என்று எழுதினால் முடிவெடுப்பவருக்குத் தேவையானது கிடைத்துவிடும். நீங்கள் கட்டக்கூடிய தொகை 50 டொலராக இருந்தாலும் எழுதுங்கள். ஒன்றும் முடியாவிட்டால் அதையும் நேராக எழுதுங்கள். உங்கள் துயரத்தை அந்நியர் ஒருவருக்கு நிரூபித்துக் காட்ட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

உடுப்புகளை இரண்டாம் கையாக வாங்கலாம். பிள்ளைகள் ஒரு பருவத்தில் வளர்ந்துவிடுவதால் அவை அதிகம் தேய்ந்திருப்பதில்லை. சறுக்குச் சப்பாத்தை வளர்ச்சிக்கென்று பெரிதாக வாங்கிவிடாதீர்கள். குதி அசைந்தால் பிள்ளையால் திரும்பவே முடியாது. தலைக்கவசத்தை மட்டும் கையிலெடுத்து நிதானமாகப் பாருங்கள்: பின்புறம் சிஎஸ்ஏ என்ற கனேடியத் தரச்சான்று ஒட்டுத்தாள் இருக்க வேண்டும், ஓட்டில் மயிரிழை வெடிப்பும் இருக்கக் கூடாது, உள்ளே பஞ்சை விரலால் அழுத்தினால் திரும்ப எழ வேண்டும், முகக் கூண்டின் ஆணிகள் ஆடக் கூடாது. ஐயம் வந்தால் அதைப் புதிதாகவே வாங்குங்கள். உங்கள் மகன் இதுவரை ஹொக்கி விளையாடாதவன் என்பதால் ‘ஃபேர்ஸ்ட் ஷிஃப்ட்’ திட்டம் பக்கத்து அரீனாவில் நடக்கிறதா என்றும் விசாரியுங்கள். 6 முதல் 10 வயதுவரையான புதியவர்களுக்கு, உச்சி முதல் உள்ளங்கால் வரையான உடுப்பையும் பனித்தளப் பயிற்சியையும் குறைந்த கட்டணத்தில் தருகிறார்கள். உடுப்பு பிள்ளைக்கே சொந்தமாகிவிடும்.

கேள்வி: மகள் சங்கத்துக்குள்ளேயே நடக்கும் ‘ஹவுஸ் லீக்’கில் நன்றாக விளையாடுகிறாள். மற்றச் சங்கங்களோடு மோதும் ‘றெப்’ என்ற தெரிவு அணிக்கு வரச் சொல்கிறார்கள். இந்த நிதிகள் அந்தச் செலவையும் ஏற்குமா?
— ஒரு தந்தை, மார்க்கம்

பதில்: பெரும்பகுதியை ஏற்காது. நிதிகளின் கணக்கு ஹவுஸ் லீக்கின் அளவில் போடப்பட்டது. றெப் அணியின் மேலதிகப் பனித்தள நேரம், போட்டித் தொடர்கள், வெளியூர்ப் பயணம், விடுதி என்று செலவு ஆயிரக் கணக்கில் ஏறும். தேர்வுக்குப் போகும் முன்பே அணி முகாமையாளரிடம் முழு வரவுசெலவுத் திட்டத்தையும் எழுத்தில் கேளுங்கள். தேர்வான பிறகு, மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுப்பது மிகவும் கொடுமை. அணிக்கு அனுசரணையாளர் ஒருவரைக் கொண்டுவந்தால் அத்தொகையை எல்லோரின் கட்டணத்திலும் கழிப்பார்களா, அல்லது கொண்டுவந்தவரின் கட்டணத்தில் கழிப்பார்களா என்பதையும் கேட்டு வையுங்கள். நம் வணிகர்கள் விழா மலர்களுக்குக் கொடுக்கும் விளம்பரப் பணத்தில் ஒரு சிறு பங்கை இப்படிப்பட்ட அணிகளுக்குக் கொடுக்கலாம் என்பது என் நெடுநாள் ஆசை.

கேள்வி: ஹொக்கிக் கட்டணம் வரிக் கணக்கில் திரும்ப வருமா?
— ஸ்காபரோ வாசகர்

பதில்: முன்பு ஒரு பகுதி வந்தது. மத்திய அரசின் சிறுவர் உடற்பயிற்சி வரிச் சலுகையும், ஒன்ராறியோவின் சிறுவர் செயற்பாட்டுச் சலுகையும் 2017 முதல் இல்லை. பழைய நினைவில் இன்னும் பலர் அதைச் சொல்கிறார்கள். அந்த நம்பிக்கையில் கட்டணத்தை முன்கூட்டிக் கட்டிவிடாமல், மேலே சொன்ன நிதிகளுக்கு முதலில் விண்ணப்பியுங்கள்.