பனி அகற்றும் தொழில்: மகனுக்கு வண்டி வாங்கிக் கொடுப்பதற்கு முன்

உங்கள் கடிதத்தில் இரண்டு பயங்கள் கலந்திருக்கின்றன. குளிர் நாட்டுக்குப் போன படித்த பையன் பனி அள்ளுகிற வேலைக்குப் போகிறானே என்பது ஒன்று. அதற்கு வண்டி வாங்கப் பணம் கேட்கிறானே என்பது இன்னொன்று. முதலாவதை விட்டுவிடுங்கள். குளிர் நாடுகளில் மருத்துவமனையோ சரக்குக் கிடங்கோ, வளாகத்துப் பனியை அள்ளாமல் காலையில் இயங்க முடியாது. லோடர் என்கிற, முன்னால் வாளி மாட்டிய வண்டியை ஓட்டவும், எண்ணெய் அழுத்தத்தில் அதை இயக்கும் ஹைட்ராலிக் பகுதியின் கோளாறைச் சரிசெய்யவும் தெரிந்தவருக்கு, பனி இல்லாத மாதங்களில் கட்டுமானத்திலும் வேலை உண்டு. எனக்குக் கவலை இரண்டாவதில்தான்.

உங்கள் மகனை ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். 1000 சதுர மீட்டர் வாகன நிறுத்துமிடம், 10 சென்டிமீட்டர் பனி. மொத்தம் 100 கன மீட்டர். புதிதாக விழுந்த உலர்பனியைக் கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்தால் 10 டன். அதே உயரத்துக்கு ஈரப்பனி விழுந்தால் 30 டன்னைக்கூடத் தொடும். அவ்வளவையும் எங்கே குவிப்பது? மேட்டுப் பக்கம் குவித்தால் பகலில் உருகி வழிந்து, இரவில் நடைபாதையில் கண்ணாடிபோல உறையும். வாசல் ஓரம் குவித்தால் வெளியே வரும் வண்டிக்குச் சாலை தெரியாது. இதற்கெல்லாம் விடை தெரிந்த பிறகுதான் எந்த இயந்திரம் என்ற பேச்சே.

நடைபாதைக்கு, பனியை அள்ளித் தூர வீசும் சிறிய ஸ்னோ ப்ளோயர் போதும். அதிலும் ஒரே சுழலி அள்ளி வீசும் ஒற்றை நிலை வகையில், சுழலும் ரப்பர் பட்டை தரையையே உரசும். ஜல்லித் தரையில் ஓட்டினால் கல் பறக்கும். அங்கே தரையிலிருந்து சற்றுத் தூக்கி வைக்கக்கூடிய இரண்டு நிலை வகை வேண்டும்; அதில் அள்ள ஒரு சுழலியும் வீச உள்ளே ஒரு விசிறியும் இருக்கும். பெரிய வளாகத்துக்கு, இரு பக்கமும் தடுப்பு உள்ள பெட்டித் தகட்டை ஸ்கிட் ஸ்டியர் என்கிற சிறிய லோடரிலோ, வீல் லோடர் என்கிற பெரிய லோடரிலோ மாட்டித் தள்ளுவார்கள்.

புதிதாக இறங்குபவர்கள் ஆசைப்படுவது பிக்கப் என்கிற, பின்னால் திறந்த தொட்டி உள்ள வண்டியின் முன்னால் பனி தள்ளும் தகடு மாட்டுவதற்கு. அந்தத் தகடே பல நூறு கிலோ இருக்கும். அவ்வளவும் முன் அச்சின் மேல், அதுவும் சக்கரத்துக்கு வெளியே தொங்கிக்கொண்டு. முன் அச்சு எவ்வளவு தாங்கும் என்று ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் அச்சிட்டிருப்பார்கள். தகடு மாட்டவே கூடாது என்று கையேட்டில் சொல்லியிருக்கும் மாடல்களும் உண்டு. பின்பக்கம் எடை ஏற்றிச் சமன் செய்யாவிட்டால் பிரேக் பிடிப்பதும் சந்தேகம். வாங்குவதற்கு உங்கள் மகன் பார்த்து வைத்திருக்கும் பழைய வண்டியின் ஸ்டிக்கரைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விலை பேசுவது அப்புறம்.

சரி, பாதுகாப்புக்கு வருகிறேன். பெரிய வண்டியைவிட அந்தச் சின்ன ப்ளோயரை நினைத்துத்தான் நான் அதிகம் பயப்படுவேன். பனியை வெளியே வீசும் அதன் குழாயில் ஈரப்பனி அப்பி அடைத்துக்கொள்ளும். வேலை நின்ற எரிச்சலில் கையை விட்டு நோண்டுவார்கள். என்ஜினை அணைத்த பிறகும் உள்ளே இருக்கும் விசிறியில் இறுக்கம் மிச்சமிருக்கும். அடைப்பு இளகியதும் சடாரென்று சுற்றும். விரல் போவது அந்த ஒரு கணத்தில். என்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, எல்லாம் நின்றபின், கூடவே தரும் குச்சியால் மட்டும் தள்ள வேண்டும். சுழலியைப் பிடித்திருக்கும் ஷியர் பின் என்கிற சிறிய ஊசி உடைந்தால் அதே இடத்தில் சாதாரண போல்ட்டைச் செருகவும் கூடாது. உடைந்து கியர் பாக்ஸைக் காப்பாற்றுவதுதான் அந்தப் பின்னின் வேலை. மூடிய கொட்டகைக்குள் என்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கவும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

பெரிய வண்டியில் கவனம் பின்னால் இருக்க வேண்டும். தள்ளுவதற்குச் சமமான நேரம் ரிவர்ஸில்தான் போகும், அதுவும் இருட்டில், பனி அப்பிய கண்ணாடியோடு. ஹைட்ராலிக் குழாய் கசிகிறதா என்று கையால் தடவிப் பார்ப்பதும் ஆபத்து. ஊசித் துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலுக்குள்ளேயே பாய்ந்துவிடும். ஓர் அட்டையைக் காட்டித்தான் பார்க்க வேண்டும். தூக்கமின்மையும் சேர்ந்துகொள்ளும். புயல் நம் ஷிப்ட் நேரம் பார்த்து வருவதில்லையே.

தரையில் உறைந்த பனியை உருக்க உப்பு தூவுவதிலும் விஷயம் இருக்கிறது. சாதாரண உப்பு, மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனால் பெரிதாக உதவாது. அதற்கும் கீழே கால்சியம் குளோரைடு போன்றவை வேண்டும். தெரியாதவர்கள் உப்பையே இரண்டு மடங்கு கொட்டுவார்கள்.

ஆகவே இந்தக் குளிர்காலம் முழுக்க அவர் வேறொருவரின் வண்டியில் சம்பளத்துக்கு ஓட்டட்டும். பனி விழுவதற்கு முன்பே தளத்தைச் சுற்றிப் பார்த்து, பனியில் புதைந்துபோகும் நடைபாதை விளிம்பு, தீயணைப்புக் குழாய், சாக்கடை மூடி எல்லாவற்றுக்கும் கொம்பு நட்டு அடையாளம் வைக்கும் முதலாளியாகப் பார்த்துச் சேரச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டும் ஆசை அப்படியே இருந்தால், முதலில் இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கலாம். யாராவது வழுக்கி விழுந்து வழக்குப் போட்டால் தாங்கும் காப்பீடும், எத்தனை மணிக்கு அள்ளினோம், எவ்வளவு உப்புத் தூவினோம் என்ற பதிவேடும் அப்போது கட்டாயம். மாணவர் விசாவில் இருக்கிறாரென்றால் சொந்தத் தொழிலுக்கு அனுமதி உண்டா என்பதையும் எழுதுங்கள். அது தெரியும்வரை பணம் அனுப்ப வேண்டாம்.